ஏலத் தொகையும் எடுத்த ரன்னும்

ஐபிஎல் ஏலத்தில் ஓர் இளம் வீரர் என்ன விலைக்குப் போனார், அதன் பிறகு எத்தனை ரன் எடுத்தார் அல்லது எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கும் வழக்கம் சென்னையில் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் தவறாமல் தலைதூக்குகிறது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் கிரிக்கெட்டைத் தங்கள் வீட்டு விஷயமாகக் கருதும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருப்பதால், இந்தக் கணக்கு அங்கே சற்று உரக்கவே போடப்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் போடப்படுகிறது. கோடிக்கணக்கில் வாங்கப்பட்டவர் சோபிக்காதபோது, ஒரு ரன்னுக்கு இத்தனை லட்சம் என்று வகுத்துச் சொல்லி அந்த இளைஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது உதவுகிறது. சில லட்சங்களுக்கு ஒப்பந்தமாகி அணியின் சுமையைத் தோளில் தாங்கியவருக்கு அதே வகுத்தலைப் போட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அநீதி இந்த இரண்டாவது இடத்தில்தான் அதிகம் என்பதைத் தமிழ்நாட்டு வீரர்களின் கடந்த பதினைந்து ஆண்டுக் கணக்கே காட்டிவிடுகிறது.

ஒப்பந்தத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் மகேந்திர சிங் தோனியைச் சென்னை சூப்பர் கிங்ஸ் 15 லட்சம் அமெரிக்க டாலருக்கு எடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த ஏல மேடை அன்று எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இந்திய அணிக்காக ஒரு முறைகூட ஆடாத உள்நாட்டு வீரரைக் கிரிக்கெட் வழக்கில் அன்கேப்டு வீரர் என்பார்கள். இவர்கள் தொடக்க ஆண்டுகளில் ஏலத்துக்கு வெளியே அணிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2011 முதல் 2013 வரை அவர்களுடைய ஊதியம் 10, 20, 30 லட்சம் ரூபாய் என்ற மூன்று படிகளில், ஆட்டத்தின் தரத்தைப் பாராமல், எத்தனை ஆண்டுகள் முதல்தர கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள் என்பதை மட்டுமே பார்த்து நிர்ணயிக்கப்பட்டது. 2014இல்தான் அவர்களும் ஏலத்துக்குள் வந்தார்கள்.

மேற்கு மாம்பலத்தில் வளர்ந்து, சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்த ரவிச்சந்திரன் அஸ்வின் இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நின்றவர். 2010 ஐபிஎல்லில் அவர் ஏலத்துக்கு வெளியே வந்த உள்ளூர் வீரராக ஆடி 13 விக்கெட் எடுத்தார், சென்னை அணி முதல் முறையாகக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஹராரேயில் இந்திய அணிக்கு ஆடியதால் 2011 ஏலத்துக்குத் தகுதி பெற்று, 8.5 லட்சம் டாலருக்கு அதே அணிக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது 20 விக்கெட். சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் கிறிஸ் கெயிலை முதல் ஓவரிலேயே ரன் எடுக்கவிடாமல் அவர் வெளியேற்றியதை இந்த நகரம் இன்னும் மறக்கவில்லை. இரண்டு பருவங்களுக்கும் இடையே பந்துவீச்சு முன்னேறியது உண்மைதான் என்றாலும், விலையைப் புரட்டிப்போட்டது பந்துவீச்சைவிட, ஏல மேடையில் ஏறும் உரிமை என்றே கொள்ள வேண்டும்.

இன்றைய முறையில், வீரர் தமக்கென்று ஓர் அடிப்படை விலையைக் குறித்துக்கொண்டு ஏலத்தில் பெயர் கொடுக்கிறார். அந்த விலைக்குக் கீழே அவரை யாரும் எடுக்க முடியாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். அன்கேப்டு வீரரின் ஆகக் குறைந்த அடிப்படை விலை 2022இல் 20 லட்சமாக இருந்தது, 2025 பருவத்துக்கு 30 லட்சமாக உயர்ந்தது. விலை ஒரு பருவத்துக்கு உரியது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பெரிய ஏலம் வரை அணி விரும்பினால் அதே ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் ஆண்டு இறுதியில் விடுவித்துவிடலாம். வீரர் தாமாக முன்வந்து, தமக்கு இப்போது அதிக மதிப்பு உண்டு, ஆகவே மீண்டும் ஏலத்துக்குப் போகிறேன் என்று சொல்ல வழியில்லை. விடுவிக்கும் உரிமை ஒரு கையில் மட்டும் இருக்கும் இந்த ஏற்பாட்டில், மலிவாக வாங்கப்பட்ட நல்ல ஆட்டக்காரர்தான் நீண்ட காலம் கட்டுண்டு கிடக்கிறார். அதிக விலைக்கு வாங்கப்பட்டுத் தடுமாறியவரை அணியே சீக்கிரம் அவிழ்த்துவிடுகிறது.

சாய் சுதர்சனின் கணக்கு இதற்குத் தெளிவான சான்று. தந்தை தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் ஓடிய தடகள வீரர், தாய் மாநில அளவில் கைப்பந்து ஆடியவர் என்ற விளையாட்டுக் குடும்பத்தில் சென்னையில் பிறந்த சுதர்சன், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முதல் டிவிஷன் லீக்கான பாளையம்பட்டி ராஜா கேடயப் போட்டியில் 2019-20இல் ஆழ்வார்பேட்டை கிரிக்கெட் கிளப்புக்காக 635 ரன் எடுத்து முதலிடம் பிடித்தார். 2021இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கோவை அணிக்கு முதல் ஆட்டத்திலேயே 43 பந்தில் 87 அடித்தார். 2022 பெரிய ஏலத்தில் குஜராத் டைட்டன்ஸ் அவரை அடிப்படை விலையான 20 லட்சத்துக்கே எடுத்தது; போட்டிக்குக் கை தூக்கிய அணி வேறு எதுவும் இல்லை. அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் 145 ரன். அடுத்த பருவத்தில் எட்டு ஆட்டங்களில் 362 ரன். 2023 தகுதிச் சுற்றில் மும்பைக்கு எதிராக 43 ரன்னில் நின்றபோது, கடைசிக் கட்டத்தில் இன்னும் வேகமாக அடிக்கக்கூடியவருக்கு இடம்விட அணி அவரை ஆட்டமிழந்ததாக அறிவித்து வெளியே அழைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த ஆட்டம், அகமதாபாதில் சென்னைக்கு எதிரான இறுதிப் போட்டி, அதில் 47 பந்தில் 96 ரன். ரவீந்திர ஜடேஜாவின் கடைசிப் பந்து பவுண்டரியால் சென்னை வென்ற அந்த இரவில் எதிரணியின் ஆகப் பெரிய ஸ்கோர் சென்னைப் பையனுடையது, அந்த ஆண்டுக்கான அவருடைய ஒப்பந்தம் 20 லட்சம். வகுத்துப் பார்த்தால் 2023இல் அவருடைய ஒரு ரன்னுக்கு குஜராத் கொடுத்தது சுமார் 5,500 ரூபாய்.

அதைவிட வியப்பான ஒப்பீடு உள்ளூரிலேயே இருக்கிறது. டிஎன்பிஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக், 2016இல் தொடங்கியதிலிருந்து வீரர்களை வரிசைமுறைத் தேர்வில் பங்கிட்டுவந்து, 2023 பிப்ரவரியில்தான் முதன்முறையாக ஏலம் நடத்தியது. ஓர் அணியின் மொத்தக் கையிருப்பே லட்சங்களில் எண்ணக்கூடியதாக இருந்த அந்தச் சிறிய ஏலத்தில் கோவை கிங்ஸ் சுதர்சனுக்குக் கொடுத்தது 21.60 லட்சம். உலகத்தின் ஆகப் பணக்கார கிரிக்கெட் லீக் ஒரு பருவம் முழுவதற்கும் கொடுத்ததைவிட, ஏழு லீக் ஆட்டங்கள் கொண்ட மாநிலப் போட்டி அதிகம் கொடுத்தது. கோவை அணியின் நிர்வாகிகளுக்கு அவரை இரண்டு ஆண்டு நேரில் பார்த்த அறிவு இருந்தது, மேலும் அவரை ஏலத்தில் புதிதாக மதிப்பிடும் வாய்ப்பும் கிடைத்தது. ஐபிஎல்லின் ஒப்பந்தமோ 2022 பிப்ரவரியில் இருந்த அறியாமையிலேயே உறைந்து நின்றது. 2024இல் அதே ஒப்பந்தத்தின் கீழ் 527 ரன் எடுத்த பிறகே, பெரிய ஏலத்துக்கு முந்தைய தக்கவைப்பில் குஜராத் அவருக்கு 8.5 கோடி ஒதுக்கியது. 2025இல் 759 ரன். ஆரஞ்சு தொப்பி, அதாவது அந்தப் பருவத்தில் ஆக அதிக ரன் எடுத்தவருக்கான மரியாதை, அவருக்குத்தான். இப்போது ஒரு ரன்னின் விலை சுமார் 1.12 லட்சம். இரண்டு ஆண்டு இடைவெளியில் ரன்னின் விலை இருபது மடங்கு ஏறியது. ஆட்டத்தின் தரம் இருபது மடங்கு ஏறியிருக்க முடியாது. 2023இல் அவருக்குச் சேர வேண்டிய பெரும்பங்கு அணியின் பெட்டியிலேயே தங்கிவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

இத்தகைய பூட்டு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், ஒரு பருவம் முழுவதையும் விழுங்கிய 2004-05 கதவடைப்புக்குப் பிறகு அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அங்கே 18 வயதில் நுழையும் வீரருக்கு மூன்றாண்டு நுழைவுநிலை ஒப்பந்தம்தான், அடிப்படைச் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. எட்மன்டன் ஆய்லர்ஸ் அணியின் கானர் மெக்டேவிட் 2016-17இல் ஆண்டுக்கு 9.25 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்தில் 100 புள்ளிகள், அதாவது தாமே அடித்த கோல்களும் பிறர் அடிக்கத் துணைநின்ற கோல்களும் சேர்ந்து நூறு, எடுத்தார். அடுத்து அவர் கையெழுத்திட்ட எட்டாண்டு, 10 கோடி டாலர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2018-19இல் 116 புள்ளிகள் எடுத்தபோது, ஒரு புள்ளியின் விலை 9,250 டாலரிலிருந்து சுமார் 1.08 லட்சம் டாலராகியிருந்தது. ஏற்றத்தின் வடிவம் சுதர்சனுடையதைப் போன்றதே. ஆனால் அந்த லீக்கில் இரண்டு தணிப்புகள் உண்டு. நுழைவுநிலை ஒப்பந்தத்திலேயே, முன்கள வீரர் 20 கோல் அடித்தால், 35 கோல்களுக்குத் துணைநின்றால், 60 புள்ளிகளைத் தொட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊக்கத்தொகை எழுதிக்கொள்ள முடிகிறது. பின்னர், சுதந்திரமாக அணி மாற முடியாத கட்டத்தில் இருக்கும் வீரர், தம்மையொத்த வீரர்களின் சம்பளத்தை எடுத்துக்காட்டி ஒரு நடுவரிடம் தம் சம்பளத்தை நிர்ணயிக்கக் கோரவும் முடிகிறது. இந்த இரண்டையும் பெற்றுத்தந்தது அங்குள்ள வீரர் சங்கம். இந்தியாவில் 2019இல் உருவான இந்திய கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வுபெற்ற வீரர்களுக்கானது. இன்று ஆடிக்கொண்டிருக்கும் இருபது வயது இளைஞருக்காகப் பேச அமைப்பு ஒன்றும் இல்லை.

இனி மறுபக்கம். கோடிகளுக்கு வாங்கப்பட்டு முதல் பருவத்தில் தடுமாறிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மூவரின் பெயர் அடிக்கடி ஒன்றாகச் சொல்லப்படும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னை லீக்குக்கு வந்து, 2016 டிஎன்பிஎல்லில் ஒரு சூப்பர் ஓவர் முழுவதையும் யார்க்கர்களாகவே வீசிப் பெயர் பெற்ற டி. நடராஜன் 2017இல் 3 கோடிக்குப் போனார். ஆறு ஆட்டங்களில் இரண்டு விக்கெட். அடையாறில் பள்ளிப் படிப்பை முடித்து, கட்டடக்கலை பயின்று வேலை பார்த்துவிட்டு, முழங்கால் காயத்தால் வேகப்பந்தை விட்டுச் சுழலுக்கு மாறி, நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஆடி, 2018இல் மதுரை அணிக்காக டிஎன்பிஎல்லில் ஓவருக்கு ஐந்து ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்த வருண் சக்கரவர்த்தி, அதே ஆண்டு டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்தில் தொடங்கி 8.4 கோடியில் முடிந்தார். ஒரே ஆட்டம், ஒரே விக்கெட், பிறகு விரல் காயம். 2021 பிப்ரவரி 18 அன்று கிண்டி கிராண்ட் சோழா ஹோட்டலில் நடந்த ஏலத்தில் எம். ஷாருக் கான் 5.25 கோடிக்குப் போனார். அந்த ஆண்டு பதினோரு ஆட்டங்களில் 153 ரன்.

மூவரையும் வாங்கிய அணி ஒன்றே: பஞ்சாப். மூன்று ஏலங்களிலும் ஆகப் பெரிய கையிருப்போடு வந்து அமர்ந்த அணியும் அதுவே. 2018 டிசம்பரில் அதனிடம் 36.20 கோடி இருந்தது, 2021இல் 53.20 கோடி. கையிருப்பு என்பது ஓர் அணி அந்த ஏலத்தில் செலவிடக்கூடிய தொகை. சிறிய ஏலத்தில் தேர்ந்தெடுக்க நல்ல இந்திய வீரர்கள் சிலரே இருக்க, ஓர் அணியின் பெட்டி நிரம்பியிருக்க, இன்னோர் அணி விடாமல் கை தூக்கிக்கொண்டிருந்தால், விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கும் அந்த இளைஞரின் திறமைக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அதே ஏலங்களில் பஞ்சாப் இல்லாதிருந்தால் இவர்கள் மூவரும் இதே திறமையோடு, இதைவிடக் குறைந்த விலைக்குப் போயிருக்கக்கூடும். அப்போது அவர்களுடைய முதல் பருவம் ஒரு புதியவரின் இயல்பான தடுமாற்றமாகவே பார்க்கப்பட்டிருக்கும். விலையை முடிவு செய்தது வாங்கியவரின் பணம்; பழியைச் சுமந்தது விலைபோனவரின் பெயர். இந்த விபரீதத்தைச் சென்னை ரசிகர்கள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பின்னாளைய கணக்கும் இதையே உறுதிசெய்கிறது. வருண் சக்கரவர்த்தியை 2020 பருவத்துக்குக் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 17 விக்கெட், அதாவது விக்கெட்டுக்குச் சுமார் 23.5 லட்சம். அடுத்த ஆண்டு 18 விக்கெட். 2022இல் 8 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டபோது ஆறே விக்கெட், விக்கெட்டின் விலை 1.33 கோடிக்கு எகிறியது. அதே 8 கோடிக்கு 2023இல் 20 விக்கெட்டும், சேப்பாக்கத்தில் கொல்கத்தா கோப்பையை வென்ற 2024இல் 21 விக்கெட்டும் வந்தபோது அது 40 லட்சத்தை ஒட்டி இறங்கியது. நடராஜன் 2018இல் 40 லட்சத்துக்கு ஹைதராபாத் போய், இரண்டு பருவம் களமிறங்காமலேயே காத்திருந்து, 2020இல் 16 விக்கெட் எடுத்தார்: விக்கெட்டுக்கு 2.5 லட்சம். அதே நடராஜன் 2025இல் 10.75 கோடிக்கு டெல்லி போய் இரண்டே ஆட்டங்களில் ஆடினார். ஒரே மனிதரின் ஒரே யார்க்கருக்கு இத்தனை விலைகள் இருக்க, எந்த ஒரு பருவத்தின் வகுத்தலையும் தனியே எடுத்து அவரை எடைபோடுவது சரியான அளவை ஆகாது.

ஷாருக் கானின் வழக்கு இன்னும் நுட்பமானது. அவர் ஃபினிஷர், அதாவது ஐந்தாவது, ஆறாவது இடத்தில் இறங்கி, மிஞ்சியிருக்கும் பத்துப் பதினைந்து பந்துகளில் ஆட்டத்தை முடித்துத் தர வேண்டியவர். 2021 நவம்பர் 22 அன்று டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிரான சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதிப் போட்டியில், கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது சிக்சர் அடித்துத் தமிழ்நாட்டுக்குக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். அந்த நாளில் அவர் எடுத்தது 15 பந்தில் 33 ரன். மூன்று மாதம் கழித்து பஞ்சாப் அவரை 9 கோடிக்குத் திரும்ப எடுத்தது. அதன் பிறகான இரண்டு பருவங்களிலும் அவர் 200 ரன்னைத் தொடவில்லை என்பதைக் காட்டி அவரைத் தோல்வி என்றார்கள். தொடக்க ஆட்டக்காரர் ஒரே இன்னிங்ஸில் சந்திக்கும் பந்துகளைச் சந்திக்க ஃபினிஷருக்குச் சில ஆட்டங்கள் தேவைப்படும் என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. ஃபினிஷரை அளக்க ஸ்டிரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எடுக்கும் ரன், ஓரளவு உதவும். அவர் இறங்கிய நேரத்தில் தேவைப்பட்ட வேகம் என்ன, அவர் அடித்த வேகம் என்ன என்ற ஒப்பீடு அதைவிட உதவும். அப்படிப் பார்த்தாலும் 9 கோடி அதிகம் என்றுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கும். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதில் நேர்மையான விடை கிடைக்கும். பின்னர் அணி மாறிய அவரை 2025 பருவத்துக்கு குஜராத் தக்கவைத்த 4 கோடி, அந்த விடைக்கு ஓரளவு அருகில் இருக்கிறது.

வகுத்தலே சாத்தியமில்லாத இடம் ஒன்று உண்டு, அது பெஞ்சு. 2021இல் இன்னும் இந்திய அணிக்கு ஆடாதிருந்த கிருஷ்ணப்பா கௌதமைச் சென்னை 9.25 கோடிக்கு எடுத்து, கோப்பையை வென்ற அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. அவரைப் பற்றியாவது பேச்சு எழுந்தது. ஆர். சாய் கிஷோர் 2019-20 சையத் முஷ்டாக் அலி போட்டியில் 20 விக்கெட்டோடு முதலிடம் பிடித்து, 20 லட்சத்துக்குச் சென்னை அணியில் சேர்ந்து, 2020, 2021 இரண்டு பருவமும் ஓர் ஆட்டமும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2022இல் குஜராத் 3 கோடிக்கு எடுத்த பிறகே களம் கண்டார். 2023-24 ரஞ்சிப் பருவத்தில் தமிழ்நாட்டுத் தலைவராக 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றவர், 2025 பருவத்துக்கு 2 கோடிக்குத் திரும்பி 19 விக்கெட் எடுத்தார், விக்கெட்டுக்குப் பத்தரை லட்சம்.  சென்னையின் பெஞ்சில் கழிந்த இரண்டு ஆண்டுகளின் புள்ளிவிவரப் பதிவு வெறும் கோடுதான். அந்தக் கோட்டை அவருடைய குறையாகப் படிக்கக் கூடாது.

இந்த இடத்தில் அண்மையில் வந்த ஒரு நல்ல மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபடி, 2025 முதல் ஐபிஎல்லில் களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏலத் தொகைக்கு மேல் 7.5 லட்சம் ஆட்டக் கட்டணம் உண்டு. பதினான்கு லீக் ஆட்டங்களும் ஆடினால் 1.05 கோடி. 30 லட்சத்து இளைஞர் ஒருவருக்கு இது ஒப்பந்தத் தொகையைப் போல மூன்றரை மடங்கு. ஏலத்தில் நிகழ்ந்த குறைமதிப்பீட்டை முதன்முறையாக ஆட்டமே ஓரளவு திருத்தும் வழி இது. ஆனால் பெஞ்சுக்கும் களத்துக்கும் இடையிலான தூரத்தையும் இது விரித்துவிட்டது. 2025இல் சென்னை அணியிலேயே ஒரே 30 லட்ச விலையில் இரண்டு இளம் மட்டையாளர்கள் இருந்தார்கள். காயம்பட்ட ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு மாற்றாகப் பாதியில் வந்த மும்பையின் ஆயுஷ் மாத்ரே ஏழு ஆட்டங்களில் 240 ரன் எடுத்தார், பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்தார். ஆட்டக் கட்டணமாக மட்டும் அவருக்கு 52.5 லட்சம் சேர்ந்திருக்கும். ரஞ்சியில் தம் முதல் பருவத்திலேயே 600 ரன்னைக் கடந்த சென்னையின் ஆந்த்ரே சித்தார்த் ஓர் ஆட்டமும் பெறாமல், பருவம் முடிந்து நவம்பரில் விடுவிக்கப்பட்டார். அணி பத்தாவது இடத்தில், கடைசியாக முடிந்த ஆண்டில், இழப்பதற்கு ஒன்றும் இல்லாத கடைசி ஆட்டங்களிலாவது உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு வாய்ப்பு தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் நியாயமானதே.

பணத்தின் அளவை ஒரு கணம் வேறு தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். இருபது ரஞ்சி ஆட்டங்களுக்கு மேல் ஆடாத புதியவருக்கு, ஆடும் பதினொருவரில் இடம்பெற்றால், 2021 முதல் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் கட்டணம். நான்கு நாள் ஆட்டங்கள் ஏழையும் ஆடி, லீக் சுற்றை முழுதாக முடித்தால் 11.20 லட்சம். வெயிலில் இருபத்தெட்டு நாள் நின்று ஆடுவதற்குக் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், ஐபிஎல் பெஞ்சில் இரண்டு மாதம் உட்காருவதற்குக் கிடைக்கிறது. சென்னையின் பழைய ஏற்பாடு இதற்கு நேரெதிரானது. சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ், அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டேட் பேங்க், இந்தியா சிமென்ட்ஸ் ஆதரவில் இயங்கிய கிளப்புகள் என்று முதல் டிவிஷன் லீக்கைத் தாங்கியவை நிறுவனங்கள். அவை ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்தன, மாதச் சம்பளம் கொடுத்தன, ஐஐடி வளாகத்து கெம்பிளாஸ்ட் மைதானம் போன்ற ஆடுகளங்களைப் பேணின. அங்கே ஒரு பருவம் சதமே அடிக்காவிட்டாலும் அடுத்த மாதச் சம்பளம் வந்துவிடும், ஆனால் எவ்வளவு அடித்தாலும் சம்பளம் பெரிதாக ஏறாது. தேக்கமும் பாதுகாப்பும் கலந்த அந்த முறையில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு மாலையில் எட்டுக் கோடியும் அடுத்த ஆண்டு விடுவிப்பும் வரும் இந்த முறை வேறு உலகம்தான். பழையது பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இருபது வயதுப் பையனின் நடுக்கத்தை அது நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

உள்நாட்டு ஆட்டம் விலையாக மாறாத இன்னொரு நேர்வு நாராயண் ஜெகதீசன். 2022 நவம்பர் நடுவில் சென்னை அணி அவரை விடுவித்தது. அதே நாட்களில் விஜய் ஹசாரே கோப்பையில் அவர் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார், அதில் ஐந்தாவது அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா அவருக்குக் கொடுத்தது 90 லட்சம். எதிரணிகள் பலவீனமானவை என்று ஏல மேசைகள் கருதியிருக்கலாம். ஆனால் ஓரிரு டிஎன்பிஎல் ஆட்டங்களைப் பார்த்து எட்டுக் கோடிக்குப் போன மேசைகளும் அவைதான்.

ஐஸ் ஹாக்கியை விட்டு நம் ஊர் ஹாக்கிக்கு வந்தால் பணத்தின் அளவே மாறிவிடுகிறது. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் திரும்பிய ஹாக்கி இந்தியா லீக்கின் 2024 அக்டோபர் ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் உள்ளிட்ட ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 24 வீரர்களுக்கு மொத்தக் கையிருப்பு 4 கோடிதான்; இந்தியத் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கிடைத்த ஆக உயர்ந்த விலை 78 லட்சம். ஷாருக் கானின் ஒரு பருவத் தொகையில் இரண்டு ஹாக்கி அணிகள் அமைக்கலாம். எனினும் ஒரு விதியில் ஹாக்கி முந்திக்கொண்டது: அந்த ஏலத்தில் ஒவ்வோர் அணியும் குறைந்தது நான்கு ஜூனியர் வீரர்களை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. இளைஞருக்கான இடம் வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்படாமல் விதியாகவே எழுதப்பட்டிருந்தது.

கிரிக்கெட்டில் எழுதப்பட வேண்டிய விதி ஒன்று கண்முன்னே இருக்கிறது. அடிப்படை விலைக்கு வாங்கப்பட்ட அன்கேப்டு வீரர் ஒரு பருவத்தில் 300 ரன்னையோ 15 விக்கெட்டையோ கடந்தால், அடுத்த பருவத்தின் ஒப்பந்தத் தொகை தானாகவே ஒரு படி உயர வேண்டும். அல்லது அவரே விரும்பினால் அடுத்த ஏலத்துக்குப் போகும் உரிமை வேண்டும். 2025இல் ஓர் அணியின் மொத்தக் கையிருப்பு 120 கோடியாக இருந்தது. இப்படி உயர்த்துவதற்கு ஆகும் சில கோடிகள் எந்த அணியையும் தள்ளாட வைக்காது. ஆட்டக் கட்டணத்தை ஒரே அறிவிப்பில் கொண்டுவர முடிந்த வாரியத்துக்கு இதையும் கொண்டுவர இயலும்.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடாத இருவரை, உத்தரப் பிரதேசத்தின் 20 வயது பிரசாந்த் வீரையும் ராஜஸ்தானின் 19 வயது கார்த்திக் சர்மாவையும், சென்னை சூப்பர் கிங்ஸ் தலா 14.20 கோடிக்கு வாங்கியது; அன்கேப்டு வீரர்களுக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை இது, முந்தைய உச்சம் 2022இல் ஆவேஷ் கானுக்கு லக்னோ கொடுத்த 10 கோடி. அன்று சென்னையிடம் இருந்த 43.40 கோடி அந்த ஏலத்தின் இரண்டாவது பெரிய கையிருப்பு. சேப்பாக்கத்தின் கேலரிகள் 14.20 கோடியை இந்த இருவருடைய ரன்னாலும் விக்கெட்டாலும் வகுக்கத் தொடங்கும்போது, அந்த 43.40 கோடியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.